தன் அளவில் பாடியவர்: பிரான்சுவாஸ் ஹார்டி

பிரெஞ்சு மொழியை நான் வயது ஏறிய பிறகுதான் கற்கத் தொடங்கினேன். ஆறு மாதம் வகுப்புக்குப் போன பிறகும், அந்த மொழிப் பாட்டு ஒன்றில் இரண்டு வரிகளைக்கூடச் சேர்ந்தாற்போல் புரிந்துகொள்ள என்னால் முடியவில்லை; சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். அப்படி மனம் சோர்ந்திருந்த நாட்களில், ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் எங்கள் ஆசிரியை ஒரு பழைய பாட்டை ஒலிக்கவிட்டார். கிட்டார், மெல்லிய தாளம், அவற்றின் மேல் ஓர் இளம்பெண்ணின் குரல். அந்தக் குரல் எதையும் உரக்கச் சொல்லவில்லை, எந்தச் சொல்லையும் விழுங்கவுமில்லை. தன் வயதுப் பையன்களும் பெண்களும் ஜோடி ஜோடியாகத் தெருவில் போவதைப் பார்த்தபடி, தன்னை நேசிக்க ஒருவருமின்றித் தான் மட்டும் தனியே நடப்பதாக ஒரு பெண் சொல்கிறாள் என்பது அகராதியைப் புரட்டாமலே எனக்கு விளங்கிவிட்டது. பாடியவர் பிரான்சுவாஸ் ஹார்டி. பாட்டு, 1962இல் வெளிவந்த 'தூ லே கார்சோன் ஏ லே ஃபீய்', அதாவது 'எல்லாப் பையன்களும் பெண்களும்'.

அன்று தொடங்கி அவரைக் கேட்டுவருகிறேன். 2024 ஜூன் 11 அன்று, 80 வயதில், அவர் காலமானபோது வெளிவந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அவருடைய அழகையும், அவர் அணிந்த உடைகளையும், அவர்மேல் மையல் கொண்ட புகழ்பெற்ற ஆண்களையும் பற்றியே பேசின. அவை பொய்யில்லை. ஆனால் எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது வேறொன்று. தன் குரல் சிறியது என்பதை அவர் ஆரம்பத்திலேயே அறிந்திருந்தார். அதைப் பெரிதாக்கிக் காட்ட ஒருநாளும் முயலாமல், அதன் அளவுக்குப் பொருந்தும் மெட்டுகளைத் தேடுவதிலேயே ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் செலவிட்டார். அந்தத் தேடலை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

அவர் பிறந்தது 1944 ஜனவரி 17 அன்று, ஜெர்மானியர் வசம் இருந்த பாரிஸ் நகரில். தாய் மத்லேன் கணக்கர் அலுவலில் உதவியாளராக இருந்தார். தந்தை வேறொரு குடும்பம் உடையவர். எப்போதாவது வருவார், மகள்களின் பள்ளிக் கட்டணத்தையும் தாமதமாகவே கட்டுவார். ஒன்பதாம் வட்டாரத்தில் ஒமால் தெருவிலிருந்த சிறிய வீட்டில் தாயும் இரண்டு மகள்களும் வாழ்ந்தார்கள். வார இறுதிகளில் புறநகரில் தாய்வழிப் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நீ அழகற்றவள், எதற்கும் உதவாதவள் என்று அந்தப் பாட்டி அடிக்கடி சொல்லிச் சொல்லி வளர்த்ததாக ஹார்டி பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். கன்னியர் நடத்திய பள்ளியில், பெற்றோர் ஒன்றாக வாழாத குடும்பத்துப் பிள்ளை என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. உலகமே அழகின் இலக்கணமாகக் கொண்டாடிய காலத்திலும் கண்ணாடியில் தன்னைப் பார்த்து நம்ப முடியாதவராக அவர் இருந்தது இந்த வளர்ப்பினால்தான்.

பதினாறு வயதில் பள்ளி இறுதித் தேர்வில் தேறியபோது, பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டது. டிரான்சிஸ்டர் ரேடியோவா கிட்டாரா என்று தடுமாறி, கடைசியில் கிட்டாரைத் தேர்ந்தெடுத்தார். இசை கற்றவர் அல்லர். மூன்று நான்கு கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, தானே பழகிக்கொண்டு, அவற்றுக்குள் அடங்கும் மெட்டுகளை வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கட்டத் தொடங்கினார். இரவில் ரேடியோ லக்சம்பர்கின் ஆங்கில நிகழ்ச்சிகளில் ஒலித்த எவர்லி சகோதரர்கள், கிளிஃப் ரிச்சர்ட், பிரெண்டா லீ ஆகியோரின் பாட்டுகளே அவருக்குப் பாடசாலை. பாடகியும் இசையமைப்பாளருமான மிரேய் நடத்திவந்த சிறு இசைப்பள்ளியில் சேர்ந்தார். 1961 நவம்பரில் வோக் இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. துள்ளலான ராக் பாட்டுகளால் புகழ்பெற்ற பாடகர் ஜானி ஹாலிடேக்கு இணையாக ஒரு பெண் குரலை அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததோ, ஹாலிடேக்கு எல்லா விதத்திலும் நேர்மாறான ஒரு பெண்.

முதல் இசைத்தட்டில் நான்கு பாட்டுகள். நிறுவனம் நம்பிக்கை வைத்தது, அமெரிக்கப் பாட்டு ஒன்றின் துள்ளலான பிரெஞ்சு வடிவத்தின் மேல். மற்ற மூன்றும் ஹார்டி எழுதியவை. 1962 அக்டோபர் 28 அன்று, குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா என்று அப்போதைய தலைவர் டெகால் நடத்திய பொது வாக்கெடுப்பின் முடிவுகளுக்காக பிரான்ஸ் முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தது. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தோன்றித் தன் தனிமையைப் பாடினாள். மறுநாள் முதல் கடைகளில் மக்கள் கேட்டது அந்தப் பாட்டைத்தான். இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. இத்தாலிய, ஜெர்மானிய, ஆங்கில வடிவங்களும் வந்தன. அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் மொனாக்கோவின் சார்பில் தன் சொந்தப் பாட்டைப் பாடி ஐந்தாம் இடம் பெற்றார்.

அந்தக் காலத்து பிரெஞ்சு இளைஞர் இசைக்கு 'யே-யே' என்று பெயர். ட்விஸ்ட் ஆடவும் கூச்சலிடவும் ஏற்ற பாட்டுகள் அவை. இளம்பெண்கள் பாடியவை பெரும்பாலும் பதிப்பாளர்கள் கையில் கொடுத்தவை. நடுவயது ஆண்கள் எழுதியவை, இல்லையென்றால் அமெரிக்கப் பாட்டுகளின் மொழிபெயர்ப்புகள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் தன் சொற்களைத் தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடினாள் என்பது அப்போது போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன். அவருடைய முகத்தைப் படம்பிடிப்பதில் எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள். அதில் முதன்மையானவர், 'சாலு லே கோப்பேன்' இதழின் புகைப்படக்காரரும் அன்றைய காதலருமான ழான்-மாரி பெரியே. உடை வடிவமைப்பாளர்களான கூரேழும் பாக்கோ ரபானும் தைத்த, எதிர்காலத்தை நினைவூட்டும் உடைகளில் அந்த உயரமான, மெலிந்த பெண் நிற்கும் படங்கள் உலகமெங்கும் போயின. அவருக்கோ தன் முதல் பதிவே பிடிக்கவில்லை. சில மணி நேரத்துக்குள் அவசரமாக, சுமாரான வாத்தியக்காரர்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது என்று கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார். 1964 முதல் லண்டனுக்குப் போய் சார்ல்ஸ் பிளாக்வெல் போன்ற இசையமைப்பாளர்களோடு பதிவு செய்யத் தொடங்கிய பிறகே, தன் மனத்தில் கேட்ட ஒலிக்கு அருகில் வந்ததாக அவர் உணர்ந்தார். 'மோன் அமி லா ரோஸ்' அந்த ஆண்டில் வந்தது. காலையில் பூத்து இரவில் உதிரும் ரோஜா தன் கதையைச் சொல்லும் பாட்டு. மிரேய் பள்ளியில் உடன் பயின்ற செசில் கோலியே எழுதியது. இருபது வயதுப் பெண் மரணத்தைப் பற்றி இவ்வளவு அமைதியாகப் பாடியதைக் கேட்கும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 1964இல் வெளிவந்த தன் இசைத்தட்டின் பின்னட்டையில் டிலன் அச்சிட்ட கவிதைகளில் ஒன்று, அதுவரை நேரில் சந்தித்திராத பிரான்சுவாஸ் ஹார்டியை விளித்துத் தொடங்குகிறது. 1966 மே 24, டிலனின் இருபத்தைந்தாவது பிறந்தநாள், பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் கச்சேரி. முதற்பாதி சரியாக அமையவில்லை. இடைவேளையில், ஹார்டி வந்து தன்னைப் பார்த்தாலொழிய மேடையேற மாட்டேன் என்று டிலன் சொல்லியனுப்ப, அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிரவு விடுதி அறையில், இன்னும் வெளிவராத இரண்டு பாட்டுகளை டிலன் அவருக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பாட்டுகள் தனக்குச் சொல்ல வந்த சேதி எதுவும் அப்போது ஹார்டிக்குப் புரியவில்லை. எதிரில் இருந்தவரின் மெலிவும் களைப்புமே கண்ணில் பட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கவிதையின் கையெழுத்து வரைவுகள் பல பத்தாண்டுகள் கழித்துத் தன் கைக்கு வந்து சேர்ந்த பிறகே, அந்த இளைஞனின் ஏக்கம் எவ்வளவு உண்மையானது என்று அவர் உணர்ந்தார். காதலின் காத்திருப்பைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதிய ஒருவர், தனக்காகக் காத்திருந்தவரைக் கவனிக்காமல் போனார்.

மேடை அவருக்கு ஒத்துவரவில்லை. அரங்குக்கு முன்னால் நிற்கும்போது ஏற்பட்ட நடுக்கம் பழகப் பழகக் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனது. ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கை காதலரைப் பிரித்தும் வைத்தது. 1968இல், இருபத்து நான்கு வயதில், லண்டன் சவோய் விடுதியில் பாடியதோடு மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். புகழின் உச்சியில், பணம் கொட்டும் வேளையில், 'இது என்னால் ஆகாது' என்று சொல்லிவிட்டு இறங்குவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அதைக் கூச்சம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் குரல் ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தொலைவில் இருந்து பேசும் குரல் என்பதை அவர் சரியாகக் கணித்திருந்தார். இரண்டாயிரம் பேர் கொண்ட அரங்கில் அது தன் தன்மையை இழந்துவிடும்.

அதே ஆண்டு வந்த 'கொமான் த் திர் அதியு' அந்தக் கணிப்புக்குச் சான்று. 'உனக்கு எப்படி விடை சொல்வது' என்று பொருள். ஓர் அமெரிக்கப் பாட்டின் வாத்திய வடிவம் அவரைக் கவர, அதற்குச் சொல் எழுதப் பாடலாசிரியர் செர்ஷ் கேன்ஸ்பூரை நாடினார்கள். கேன்ஸ்பூர் செய்த வித்தை என்னவென்றால், வரிகளின் முடிவில் 'எக்ஸ்' என்ற ஒலியைத் திரும்பத் திரும்ப வரவைத்தார். அதற்காக ஒரு சொல்லை நடுவில் முறித்து, பாதியை அடுத்த வரிக்குத் தள்ளவும் தயங்கவில்லை. பிரிவைச் சொல்லவந்த பெண்ணின் நாக்கு ஒவ்வொரு வரியிலும் இடறி நிற்பதுபோல் ஒலிக்கும். ஹார்டி அதை அழாமல், கிட்டத்தட்ட அலட்சியமாகப் பாடுகிறார். துக்கத்தைக் குரலில் கொட்டாமல் சொல்லின் இடறலிலேயே விட்டுவிட்டதால்தான் அந்தப் பாட்டு இன்றும் பழையதாகவில்லை.

ஆனால் அவர் பாடியவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், நான் எடுப்பது 1971இல் வந்த 'லா கெஸ்தியோன்' என்ற தொகுப்பை. வோக் நிறுவனத்தை விட்டு வந்து, தன் சொந்த நிறுவனத்தின் வழியே பதிவு செய்யும் சுதந்திரம் பெற்றிருந்த காலம் அது. பாரிஸிலிருந்த பிரேசில் நாட்டு உணவகம் ஒன்றில், தூக்கா என்ற இளம் பிரேசில் கலைஞர் கிட்டார் வாசித்துப் பாடுவதை அவர் கேட்டார். இருவரும் ஒரு மாத காலம் நாள்தோறும் உட்கார்ந்து பயின்றார்கள். பதிவுக்கூடத்தில் குரலும் கிட்டாரும் மட்டுமே ஒருசேரப் பதிவாயின. தந்தி வாத்தியங்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. கேட்பவர் காதில் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். தூக்காவின் கிட்டார் தாளத்தைத் தட்டிக்கொடுக்காமல் குரலுக்கு அரை அடி பின்னாலேயே நடந்துவருகிறது. குரல் நிற்கும் இடத்தில் அதுவும் நிற்கிறது. வயலின்கள் அந்த இடைவெளிகளை நிரப்ப ஓடிவராமல், தொலைவில் மேகம்போல் ஒதுங்கி நிற்கின்றன. டிரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. தலைப்புப் பாட்டில், தன் எதிரே மௌனமாக இருக்கும் ஒருவனைப் பார்த்து, நீ எனக்கு விடையில்லாத கேள்வி என்கிறாள் பெண். இன்னொரு பாட்டில் சொற்களே அநேகமாகக் கிடையாது. முணுமுணுப்பும் பெருமூச்சுமாக ஒரு மெட்டு மட்டும் ஏறி இறங்குகிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டால், சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும்.

தொகுப்பு விற்கவில்லை. பதின்ம வயதுத் தோழியாக அவரை வைத்திருந்த ரசிகர்களுக்கு இந்த இருபத்தேழு வயதுப் பெண் யாரென்று தெரியவில்லை. ஆனால் தான் செய்தவற்றுள் நிறைவளித்த சிலவற்றுள் இதுவும் ஒன்று என்று ஹார்டி எப்போதும் சொல்லிவந்தார். இப்போது உலகெங்குமுள்ள இளம் இசைக்கலைஞர்கள் தேடிப்பிடித்துக் கேட்பதும் இதைத்தான். தூக்கா 1978இல், தன் முப்பதுகளின் நடுவிலேயே இறந்துபோனார். அவர் பெயர் ஹார்டியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

1973இல் இசையமைப்பாளர் மிஷேல் பெர்ழேயோடு சேர்ந்து உருவாக்கிய 'மெசாழ் பெர்சொனெல்' அவரை மீண்டும் வெகுமக்களிடம் கொண்டுபோனது. இதன் முற்பகுதி பாட்டே இல்லை, பேச்சு. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரிடம் சொல்ல நினைத்தும் சொல்லாமல் விடும் சொற்களைப் பற்றி ஒரு பெண் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போகிறாள். அந்தப் பேச்சை எழுதியவர் ஹார்டி. அதன் பிறகு எழும் பாட்டு பெர்ழேயுடையது. பாட்டு தொடங்கும் கணத்தில், அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தது எல்லாம் பியானோவின் மேல் ஏறி வருகிறது.

தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர் யாரென்று பிரான்ஸ் முழுவதற்கும் தெரியும். ஜாக் துத்ரோன், பாடகர், பின்னாளில் நடிகர். 1967 முதல் அவரே ஹார்டியின் வாழ்க்கை. 1973 ஜூனில் மகன் தாமா பிறந்தான். 1981இல் கோர்சிக்காத் தீவில் திருமணம் நடந்தது. ஆனால் துத்ரோன் எப்போது வருவார், எப்போது போவார் என்று சொல்ல முடியாதவர். குடியும் பிற பெண்களுமாக அவர் வாழ, ஹார்டி காத்திருந்தார், காத்திருந்து எழுதினார். 1988இல் வந்த 'பார்த்திர் கான் மேம்' என்ற பாட்டில், நேரமிருக்கும்போதே அவனை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஒரு பெண் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அந்தச் சொற்களுக்கு மெட்டமைத்தவர் துத்ரோனேதான். தன்னை விட்டுப் பிரிவதைப் பற்றி மனைவி எழுதியதைக் கையில் வாங்கி, அதற்கு அவ்வளவு மென்மையான இசையைக் கொடுத்த அந்த மனிதரைப் பற்றி நான் முடிவான தீர்ப்பு எதுவும் சொல்லத் தயங்குகிறேன். பின்னர் இருவரும் தனித்தனியே வாழ்ந்தார்கள், விவாகரத்து செய்யவில்லை. 2000இல் இருவரும் சேர்ந்து பாடிய ஒரு பழைய பாட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. பயணம் போகும் துணையை ரயில் நிலையத்தில் வழியனுப்பும் பாட்டு. முப்பதுகளில் அதற்கு மெட்டமைத்தவர், ஹார்டியின் ஆசிரியை மிரேய்.

எண்பதுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. அந்தப் பத்தாண்டில் அவர் சோதிட ஆராய்ச்சியில் ஆழ்ந்தார், வானொலியில் அதைப் பற்றிப் பேசினார், நூலும் எழுதினார். 1988இல் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். ஆனால் 1996இல் 'லு தான்ழே'யோடு திரும்பினார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, கரகரத்த மின்கிட்டார்களின் நடுவே, குரலைத் துளியும் உயர்த்தாமல் பாடிய அந்தத் தொகுப்பு 'லா கெஸ்தியோ'னுக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது. 2006இல் பிரெஞ்சு அகாதமி, பிரெஞ்சுப் பாடலுக்கான பெரும் பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

2004இல் நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு எழுதிய 'தான் த் பெல் ஷோஸ்', 'எத்தனை அழகிய விஷயங்கள்', தான் இல்லாத பிறகும் அன்பு தொடரும் என்று மகனுக்குத் தாய் சொல்லும் பாட்டு. 2015இல் சுயநினைவிழந்து, மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த நிலையிலிருந்து மீண்டார். மீண்டுவந்து 2018இல், எழுபத்து நான்கு வயதில், 'பெர்சோன் தோத்ர்' என்ற கடைசித் தொகுப்பை வெளியிட்டார். அதன் பிறகு தொண்டைப் பகுதியில் வந்த புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு உமிழ்நீரை வற்றச் செய்தது. உணவு இறங்கவில்லை, மூச்சு திணறியது, இனிப் பாடவே முடியாது என்று 2021இல் தெரிவித்தார்.

அந்த நிலையில் அவர் ஒன்றை வெளிப்படையாகக் கேட்டார். தீராத நோயில் துன்புறுகிறவர் தன் முடிவைத் தானே தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம்தர வேண்டும் என்பதே அது. நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும் கொடிய நோயால் துன்புற்ற தன் தாய்க்கு, அவர் விருப்பப்படியே மருத்துவர்கள் முடிவைத் தந்து உதவியதை ஹார்டி மறைத்ததில்லை. அந்த உதவி தனக்குக் கிடைக்காதோ என்ற அச்சத்தையும் மறைக்கவில்லை. 2023 டிசம்பரில் குடியரசுத் தலைவர் மக்ரோனுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 2024 மே மாத இறுதியில் இதற்கான மசோதா தேசிய அவையில் விவாதத்துக்கு வந்தது. ஜூன் 9 அன்று மக்ரோன் அவையைக் கலைத்தார். மசோதா அந்தரத்தில் நின்றது. இரண்டு நாள் கழித்து ஹார்டி இறந்தார். 'அம்மா போய்விட்டார்' என்று மகன் தாமா, தான் கைக்குழந்தையாய்த் தாயோடிருக்கும் பழைய புகைப்படத்தோடு எழுதினார்.

அன்றிரவு நான் 1962இன் முதற்பாட்டையும் 2018இன் கடைசித் தொகுப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். குரல் பல படிகள் கீழே இறங்கியிருக்கிறது. நீண்ட சுரங்கள் நடுங்குகின்றன. முன்பு ஒரே மூச்சில் கடந்த தூரத்தை இப்போது இரண்டு மூச்சில் கடக்கிறார். ஆனால் சொல்லின் கடைசி மெய்யெழுத்துவரை ஒவ்வொன்றும் முழுதாக உச்சரிக்கப்படுகிறது. வகுப்பில் அன்று கேட்டதுபோலவே, அகராதியை எடுக்காமல் கேட்டு முடித்தேன்.